பகடை உருண்ட பாதை – 14: குறி தப்பிய வேல்

சென்ற இதழில் 1974 ஜனவரியில் நிறுத்தியிருந்தோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய மூன்று மெல்லிய புத்தகங்கள் ஒரு பெட்டிக்குள் அடுக்கப்பட்டு, ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் ஆயிரம் பிரதிகள் விற்பனைக்கு வந்தன. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து, பகடையை உருட்டிப் பிழைப்பதும் சாவதுமான ஆட்டம் அதிலிருந்துதான் கிளம்பியது. அந்தப் பெட்டிக்குள் இருந்த ஓர் ஓட்டையைப் பற்றியது இந்த வாரக் கதை. சின்ன ஓட்டைதான். ஆனால் அதை அடைக்க நாற்பது வருடம் விதி எழுதியும் முழுசாக அடைபடவில்லை.

ஒரு வீரன் ஈட்டியை எறிகிறான். இருபது முகப் பகடை உருள்கிறது. எண் போதவில்லை, எதிரிமேல் படவில்லை. சரி, ஈட்டி எங்கே?

வாள் வீசித் தவறினால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வாள் கையில்தான் இருக்கிறது. 1979இல் வந்த ஆட்ட நடத்துநர் கையேட்டின்படி ஒரு சுற்று என்பது ஒரு முழு நிமிடம். அந்த நிமிடத்துக்குள் வீரன் பாய்வான், பதுங்குவான், நாலைந்து முறை பொய்யாக வீசிக் காட்டுவான். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பகடை. ஆகவே ‘படவில்லை’ என்றால் அந்த நிமிடத்தில் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். வாளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். எறிந்த ஈட்டிக்குப் பொருந்தாது. அது ஒரு பொருள். ஒருமுறைதான் கையை விட்டுப் போகிறது. போனால் எங்கோ ஓர் இடத்தில் விழுந்தே ஆக வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்று அதைப் பற்றிச் சொல்ல முடியாது.

இந்தத் தொடரின் தொடக்க வாரங்களில் வந்துபோன எச்.ஜி. வெல்ஸுக்கு இந்தத் தலைவலி இருக்கவில்லை. 1913இல் அவர் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ ஆட்டத்தில் பொம்மைப் பீரங்கி நிஜமாகவே மரக்குச்சியைச் சுடும். குறி தவறினால் குச்சி தரையில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியும். வெல்ஸின் பொம்மைப் பீரங்கி செய்த வேலையைப் பகடையிடம் கொடுத்த பிறகுதான், தவறிப்போன ஆயுதம் யார் கண்ணிலும் படாமல் காற்றில் கரைய ஆரம்பித்தது.

அடையாறிலோ தி.நகரிலோ சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு ஹாலில் இந்த ஆட்டம் நடந்தால், என்றைக்காவது ஒருநாள் இதே சண்டை வரும். “மிஸ் ஆச்சு, ஓகே. என் ஈட்டி எங்கடா?” என்று ஒருவன் கேட்பான். டிஎம் எனப்படும் ஆட்ட நடத்துநர் புத்தகத்தைப் புரட்டுவார். மயிலாப்பூர் மாட வீதிகளில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்குப் புரட்டவே வேண்டியதில்லை. பந்து பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள் போனால் அடிச்சவன்தான் எடுத்துட்டு வரணும்; அந்த வீட்டு மாமி திட்டினாலும் அவன்தான் வாங்கிக்கணும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்தின்படியே பல மேசைகளில் தீர்ப்பும் வழங்கப்படுகிறது: எறிந்தவன் நடந்து போய் எடுத்து வர வேண்டும். போகிற வழியில் பூதம் நிற்கிறது என்பது அவன் பாடு.

மயிலாப்பூர் என்று சொன்னபிறகு வள்ளுவரிடம் போகாமல் இருக்க முடியாது. அவர் இந்த ஊரில் பிறந்தவர் என்பது மரபு. முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கோயிலே இருக்கிறது. வரலாற்றுச் சான்று கேட்டு அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்ட நான் தயாரில்லை. எனக்கு வேண்டியது படைச்செருக்கு அதிகாரத்தின் இரண்டு குறள்கள், 772ஆவதும் 774ஆவதும். 1976இல் கட்டி முடிந்த வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், தி.நகரிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம்தான்.

முதல் குறள் இரண்டு வீரர்களை எதிரெதிரே நிறுத்துகிறது. ஒருவன் காட்டு முயலை அம்பால் அடித்து வீழ்த்தியவன். இன்னொருவன் யானைமேல் வேலெறிந்து குறி தப்பியவன். இரண்டாமவன் கையில் ஏந்திய வேலுக்குத்தான் மதிப்பு என்கிறார் வள்ளுவர். உரையாசிரியர்கள் இதை வீரனின் பெருமிதமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விளையாட்டு விதி எழுதுபவனின் கண்ணோடு படித்தால் வேறொன்று தெரிகிறது. தப்பிய எறிதலுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண் குறியின் பருமனைப் பொறுத்தது. இதைச் சொல்லும் விதி லேக் ஜெனீவாப் பெட்டியில் கிடையாது. அங்கே அரக்கனைக் கொன்றால் அனுபவப் புள்ளி, தங்கத்தை மீட்டால் அனுபவப் புள்ளி. எறிந்து தவறினால் பூஜ்யம், முயலானாலும் யானையானாலும்.

774 இன்னும் ஒரு படி மேலே போகிறது. கையிலிருந்த வேலை ஒரு யானையின்மேல் செலவழித்துவிட்டான். அடுத்த யானை வருகிறது. எறிய வேல் இல்லை. தேடுகிறான். தன் உடம்பிலேயே ஒன்று பாய்ந்து நிற்பதைப் பார்க்கிறான், பிடுங்குகிறான், சிரிக்கிறான். பரிமேலழகர் அந்தச் சிரிப்பை மகிழ்ச்சியாகத்தான் கொள்கிறார். தேடியது கிடைத்துவிட்ட மகிழ்ச்சி!

இது வள்ளுவரின் தனிக் கற்பனையும் இல்லை. போரை இலக்கணமாக வகுத்த நம் ஆட்கள் இதற்குத் தனித் துறையே ஒதுக்கினார்கள். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில், தும்பைப் படலத்தில், நூழிலாட்டு என்று ஒரு துறை உண்டு: மார்பைக் கிழித்த வேலைப் பறித்து, அதையே எதிரிப் படைமீது ஓச்சுவது. எறிபடை ஒருவன் கையை விட்டுப் போனதும் அதன் ஆயுள் முடிவதில்லை, அது இப்போது களத்துக்குச் சொந்தம், எவன் கையில் அகப்படுகிறதோ அவன் ஆயுதம் என்ற அறிவு இதற்குள் இருக்கிறது.

இதற்குக் கிட்டத்தட்ட நெருங்கி வந்த ஆட்டம் 1978இல் ஸ்டீவ் பெரினும் கூட்டாளிகளும் எழுதி, கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’. அதில் குத்தும் ஆயுதம் மிக நன்றாகப் பாய்ந்தால் உடம்பிலேயே சிக்கிக்கொள்ளும். உருவியெடுக்கத் தனியாகப் பகடை உருட்ட வேண்டும். வீச்சு பிசகிப்போவதற்கும் அந்தப் புத்தகம் ஒரு பட்டியல் போட்டது. படுமோசமான எண் விழுந்தால் அடி பக்கத்திலிருக்கும் நண்பன்மேலேயே விழலாம். பெரின் இடைக்காலப் போர்முறையை நிஜக் கவசம் பூண்டு பயிலும் குழுவில் இருந்தவர். அதனால்தான் அவருக்கு இதெல்லாம் தோன்றியது என்று நினைக்கிறேன். மரத்தடியானாலும் ஒன்றை ஓங்கி வீசி, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்தவன் எழுதும் விதி வேறு. மேசையில் மட்டும் பார்த்தவன் எழுதும் விதி வேறு.

எறிந்ததை எதிரி திருப்பி எறிவான் என்ற பயம் ரோமாபுரிக்கும் இருந்தது. அவர்கள் அதைப் பட்டறையில் தீர்த்தார்கள். மாரியுஸ் என்ற தளபதி கி.மு. 101இல் கிம்பிரி இனத்தாரோடு மோதப் போகுமுன், எறியீட்டியின் இரும்பையும் கட்டையையும் பிணைக்கும் இரண்டு ஆணிகளில் ஒன்றை எடுத்துவிட்டு மரமுளையை அடிக்கச் சொன்னார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பாய்ந்ததும் முளை முறியும், ஈட்டி தொங்கும், கேடயத்தோடு இழுபடும், மறுபடி யாருக்கும் பயன்படாது. குறி தப்புவதற்கென்றே வடிவமைத்த ஆயுதம்!

நம் பக்கத்தில் எடுத்த வழி வேறு. அதைப் பார்க்க எழும்பூருக்குப் போக வேண்டும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலை இன்று பல காரணங்களுக்காகச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வளரி என்ற எறிபடையைப் பற்றி அவர் சேர்த்து வைத்த தகவல் பொன்னானது. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகளும், புதுக்கோட்டையிலிருந்து வந்த மர வளரிகளும் அருங்காட்சியகத்தில் இருந்ததைச் சொல்கிறார். புதுக்கோட்டை திவான் தந்த விவரத்தையும் சேர்த்திருக்கிறார். பிறை வடிவம், பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரம், சில சமயம் இரும்பு, ஒரு முனை கனம், மறுமுனை லேசு, வெளி விளிம்பு கூர். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சில சுற்று சுழற்றி வேகம் ஏற்றி விட வேண்டும். அதில் தேர்ந்தவர்கள் சமஸ்தானத்தில் இப்போது யாரும் இல்லை, முயலும் காட்டுக்கோழியும் அடிக்க எப்போதாவது எடுக்கிறார்கள், மற்றபடி மறவர், கள்ளர் வீடுகளில் பழம்பெருமையின் அடையாளமாகப் பூஜைக்குரிய பொருளாக இருக்கிறது என்று அந்த விவரம் முடிகிறது. பாளையக்காரர் போர்களில் படைகளை எதிர்கொண்டது, நூறு வருடத்துக்குள் வள்ளுவரின் முயலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நூறு வருடத்துக்கு முந்தைய சாட்சியும் ஒருவர் இருக்கிறார். கம்பெனியின் மதராஸ் படையில் இளம் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1795 வாக்கில் மதுரைப் பக்கம் பணியாற்றியபோது சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களோடு பழகினார். வேலெறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. தேர்ந்த கையில் நூறு கஜத்துக்குள் எந்தத் தூரத்துக்கும் குறி தப்பாமல் போகும் என்று வெல்ஷ், 1830இல் லண்டனில் அச்சான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஆறே வருடத்தில் அதே வெல்ஷ் அந்த ஆசிரியரை வேட்டையாடும் படையில் இருந்தார். தொடை முறிந்த சின்ன மருது, 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அண்ணனோடு தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள், மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் தென்சீமையில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை போட்டார். வளரி வீசும் கை அற்றுப்போனதற்கு அந்த ஆணை முக்கியக் காரணம்.

நூறு கஜம் என்பது 300 அடி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் வருட ஐந்தாம் பதிப்பில் எறியீட்டிக்கு வசதியான தூரம் 30 அடி. தம் பிடித்து எறிந்தால் உச்சவரம்பு 120 அடி. வெல்ஷ் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும், பாதியாகக் குறைத்துப் போட்டாலும், சின்ன மருதுவின் வளரி அந்த ஈட்டியைத் தாண்டிவிடும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: வளரி திரும்பி வருமா? மேடைப் பேச்சிலும் சினிமாவிலும் அது எதிரியின் தலையைக் கொய்துவிட்டு எஜமானன் கைக்கே வந்து அமரும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. திரும்பி வரும் பூமராங் லேசானது. அதன் இரு கரங்களும் விமான இறக்கைபோல் சீவப்பட்டிருக்க வேண்டும். ஒரு முனையில் கனத்தை ஏற்றி, ஆளை வீழ்த்தும் வேகத்துக்காகச் செய்யப்பட்ட கட்டைக்கு அந்த நளினம் கிடையாது. அதைவிட எளிய காரணம், எந்தப் பூமராங்கும் எதன்மேலாவது பட்டால் அங்கேயே விழுந்துவிடும். படாவிட்டால்தான் திரும்பும். ஐந்தாம் பதிப்பு ஆட்டத்துக்காக எழுதப்பட்ட பூமராங் விதி இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. குறி தப்பினால் மட்டும் கைக்குத் திரும்பும். இவ்வளவு விதிகளுக்கு நடுவே எனக்குப் பிடித்தது இந்த ஒரு வரிதான்.

வளரியின் சாமர்த்தியம் வேறிடத்தில் இருந்தது என்பது என் எண்ணம். மரத்தில் செய்தால் இரும்பு வேண்டாம், உலை வேண்டாம், கருமானுக்குக் கூலி வேண்டாம். ஒன்று போனால் இன்னொன்று. ரோமானியன் தன் ஈட்டியை எதிரிக்கு உதவாமல் பாழாக்கினான். சிவகங்கைச் சீமைக்காரனுக்குத் தொலைந்தாலும் தாங்கக்கூடிய ஆயுதம் இருந்தது.

திரும்பி வருவது ஆதியில் தெய்வங்களுக்கு மட்டுமே இருந்த சலுகை. கந்தபுராணத்தில் சூரனைப் பிளந்த வேல், வான்கங்கையில் நீராடிவிட்டு முருகன் கைக்கு வருகிறது. ராவணனைக் கொன்ற அம்பு ராமனின் தூணிக்குத் திரும்புகிறது. வடக்கே நார்ஸ் கதையில் தோரின் சுத்தியல். 1974 பெட்டியிலேயே இந்த வகைக்கு ஒரு பிரதிநிதி உண்டு: குள்ளர் இனத்தார் மட்டும் வீசக்கூடிய, வீசினால் திரும்பும் மாயச் சுத்தியல். அது அபூர்வப் பொருளாக இருந்தவரை அழகாக இருந்தது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு, மந்திரம் ஏறிய எறிபடை எதுவானாலும் தானாகவே கைக்கு வந்துவிடும் என்று பொதுச்சட்டம் போட்டது. வசதிதான். ஆனால் அதோடு ஈட்டி எங்கே என்ற கேள்வியே செத்துப்போனது. முருகனின் வேலுக்கு இருந்த தகுதி, கடைத்தெருவில் வாங்கிய மந்திரக் கத்திக்கும் வந்துவிட்டது.

நம் புராணத்தில் தவறிய ஆயுதங்களின் தலைவன் நாகாஸ்திரம். தி.நகர் தெற்கு போக் சாலையில் அன்னை இல்லத்தில் வாழ்ந்த சிவாஜி கணேசன், 1964இல் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ படத்தில் அதை எய்ததைப் பார்க்காத தலைமுறை குறைவு. கண்ணன் தேரை அழுத்துகிறான், தலைக்கு வைத்த குறி கிரீடத்தோடு போகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் நமக்கு முக்கியம். அம்பில் இருந்த நாகம் அசுவசேனன் திரும்பி வந்து, “இன்னொரு முறை விடு” என்று கேட்கிறது. குந்திக்குக் கொடுத்த வாக்கினால் கர்ணன் மறுக்கிறான் என்பது வில்லிபாரதம் சொல்லும் காரணம். வியாசரில் காரணம் வேறு: பிறர் பலத்தை நம்பி ஜெயிக்க அவன் விரும்பவில்லை, ஒரே அம்பை இரண்டு முறை எய்யவும் மாட்டான். மேசை ஆட்டக்காரர்கள் ‘ரீ-ரோல்’ என்று கேட்பது இதைத்தான். ஆயுதமே வந்து ரீ-ரோல் கொடுத்தும் வேண்டாம் என்றவன் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

கைகாக்ஸுக்குத் திரும்புவோம். 1979 கையேட்டில் அவர் ஓட்டையை இரண்டு இடத்தில் தைத்தார். எண்ணெய்க் குப்பி, அமிலம், புனித நீர் போன்று விழுந்த இடத்தில் உடைந்து சிதறும் பொருள்களுக்கு ஓர் எட்டுமுகப் பகடை திசை சொல்லும், ஆறுமுகப் பகடை எத்தனை அடி விலகியது என்று சொல்லும். முன்னே, பின்னே, வலம், இடம், நாலு மூலைகள். தீப்பற்றிய குப்பி தன் ஆள் காலடியிலேயே விழும் கூத்து அதிலிருந்துதான் ஆரம்பம். கைகலப்புக்குள் எறியப்படும் ஆயுதம் யார்மேல் விழும் என்பதையும் பகடையிடமே விட்டார். நண்பனும் அந்தக் குலுக்கலில் சேர்த்தி. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதை மென்மையாக்கியது. கைகலப்புக்குள் எறிந்தால் எண்ணில் நான்கு குறையும், நண்பனுக்கு ஆபத்தில்லை. தவறிய அம்புகளில் பாதி முறிந்தோ தொலைந்தோ போகும். 2014இல் சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால், செலவழித்த அம்புகளில் பாதி கிடைக்கும் என்றார்கள். பட்டது, படாதது என்ற பேதமே இல்லை. தேடுகிறவனைப் பற்றியும் களத்தைப் பற்றியும் கேள்வி இல்லை. சேற்றில் விழுந்ததும் பாறையில் விழுந்ததும் ஒன்றா?

சேறு என்றதும் பல்லாவரம் நினைவுக்கு வருகிறது. 1863 மே 30 அன்று அங்கே ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அங்கே தொடங்குகிறது. கைக்கோடரி என்று நாம் அழைக்கும் அந்த வகைக் கல் எறிபடையாகவும் இருந்திருக்கலாம் என்று 1981இல் ஐலீன் ஓ’பிரையன் என்ற ஆய்வாளர் ஒரு வாதம் வைத்தார். கென்யாவின் ஓலோர்கெசைலியில் கிடைத்த கைக்கோடரிக்கு நகல் செய்து, வட்டெறியும் வீரரிடம் கொடுத்து எறியச் சொன்னார். சராசரியாக 30 மீட்டர் பறந்தது. பெரும்பாலும் விளிம்பால் குத்தி நின்றது. தண்ணீர் குடிக்க வந்த மந்தைமேல் எறியப்பட்டு, குறி தப்பிச் சேற்றில் புதைந்தவைதான் நீர்நிலை ஓரங்களில் இத்தனை கிடைக்கின்றன என்றுகூட வில்லியம் கால்வின் என்ற இன்னோர் ஆய்வாளர் கதையை நீட்டினார். தொல்லியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மையாக இருந்தால், அங்கே கிடக்கும் கற்களில் பெரும்பகுதி தவறிய எறிதல்கள்தான்.

கடைசியாக ஒரு புத்தகம். 2012இல் சேஜ் லடோராவும் ஆடம் கோபலும் எழுதிய ‘டன்ஜன் வேர்ல்ட்’. இதில் இரண்டு ஆறுமுகப் பகடைகள். கூட்டுத்தொகை ஆறு அல்லது அதற்குக் கீழே போனால் காரியம் தவறியது. அப்போது இரண்டு விஷயம் நடக்கும். நடத்துநர் கதையில் ஏதாவது ஒரு சிக்கலைக் கொண்டுவந்து போடுவார். ஒன்றும் நடக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. எறிந்து தவறியவன் தன் தாளில் ஓர் அனுபவப் புள்ளியைக் குறித்துக்கொள்வான். தவறுவதற்கு மதிப்பெண்! 772ஆம் குறள் கிட்டத்தட்ட விதியாகிவிட்டது என்று முதலில் படித்தபோது துள்ளினேன். பிறகு மறுபடி படித்தேன். யானைமேல் எறிந்து தவறினாலும் முயல்மேல் எறிந்து தவறினாலும் அதே ஒரு புள்ளிதான். வள்ளுவர் இதற்கு ஒப்பியிருக்க மாட்டார்.

(தொடரும்)